பத்தி செருகிய முகம்

வெள்ளையம்மாளின் முகம் செங்கம் ரோட்டில் நாலு கடைகளில் விற்பனைக்கு இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். திறந்த வாயில் ஊதுபத்தி செருகிக்கொள்ளலாம்.

அடி அண்ணாமலையில் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தவள், ஆசிரமத்துப் பக்கம் ஏழு கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர்கள் கம்ப்யூட்டரில் வரைவதை மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக உருவாக்கித் தரும். ஒட்டியிருக்கும் பிசிறை இடுக்கியால் பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இவள் வேலை. முகத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் புது ஸ்கேனர் வந்த அன்று, "அக்கா, அசையாம உக்காந்து வாயத் தொறங்க" என்றான் ஏழு பேரில் ஒருவனான அறிவுமதி. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள், பாவி.

இப்போது தினமும் தன் மூக்கைத் தானே தேய்க்கிறாள். பௌர்ணமி நெருங்கினால் நாற்பது மூக்கு. கிரிவலம் வந்த நாத்தனார் கடையில் பார்த்துவிட்டு, "உன் வாய்க்கு நல்ல வேலதான் குடுத்திருக்காங்க" என்று சிரித்தாள். அன்றைக்கு வெள்ளையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என் மூஞ்சி வேணாம் தம்பி, எடுத்துடுங்க."

"நான் ஸ்கேன் மட்டும்தான்க்கா பண்ணேன். பத்தி வச்சது கீர்த்தனா."

கீர்த்தனாவிடம் போனாள். "எல்லாரும் சேந்து செஞ்ச ஃபைலுக்கா. ஏழு பேர்கிட்டயும் இருக்கு. நான் ஒருத்தி எப்படி அழிக்கிறது?"

நல்ல பிள்ளைகள்தான். டீயில் சர்க்கரை ஜாஸ்தியானால்கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அதனாலேயே சண்டை போடவும் வழியில்லை. வேலையை விட்டுவிடலாம், ஆனால் விட்டாலும் முகம் அங்கேதான் இருக்கும்.

ஒரு மாதம் விடாமல் கேட்டாள். கடைசியில் ஏழு பேரும் கூடிப் பேசி, முகத்தையே கொஞ்சம் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஒருவர் சுருக்கத்தை எடுத்தார், ஒருவர் கன்னத்தை உப்பவைத்தார், கீர்த்தனா மூக்குத்தியை நீக்கினாள். மெஷினிலிருந்து சூடு ஆறுமுன் கொண்டுவந்து கையில் கொடுத்தான் அறிவுமதி.

"இப்ப இது நீங்க இல்லதானேக்கா?"

வெள்ளையம்மாள் இடுக்கியை எடுத்துப் பிசிறைப் பிடுங்கத் தொடங்கினாள். பிசிறு போகப் போக முகம் தெளிந்து வந்தது. உள்ளங்கையிலிருந்து அவள் மகள் நந்தினி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் நந்தினியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"இதையே போட்டுடலாமாக்கா?"

"வேணாம் தம்பி. என் மூஞ்சியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்து, யாருடைய முகம் என்று தெரியாமல் போகிறவரை அதைத் தேய்த்தாள்.