மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும்

என் மனைவிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, இன்னொரு காலைத் தரையில் ஊன்றி, யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடத் தயாராக இருப்பாள். போன் பேசிக்கொண்டே துணி மடிப்பாள். துணி மடித்துக்கொண்டே மகளின் வீட்டுப்பாடத்தில் தப்பு கண்டுபிடிப்பாள். கல்யாணமான புதிதில் பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது. இப்போது பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவன். கடை சாத்தினால் என் வேலை முடிந்தது. அவள் வேலை அப்படி இல்லை. செருப்புக்கடை மாடியில் ஒரே ஹாலில் வீடியோ கேம் செய்கிற சின்ன ஆபீஸ். படம் வரைகிறவர்கள், அதை ஓட வைக்கிறவர்கள், கணக்கு பார்க்கிற ஒரு அம்மா, எல்லோர் தலையிலும் ஒரு முதலாளி. என் மனைவி கேமை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பவள். குறை கண்டுபிடிக்கச் சம்பளமும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, வீட்டில் இலவசமாகச் செய்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பொறுப்பும் அவளுக்கு உண்டு. செய்து முடித்த கேம் எந்த வயதுக்காரர்களுக்கு என்று அவள்தான் சொல்ல வேண்டும். கேம் விற்கிற இணையதளம் வரிசையாகக் கேள்வி கேட்கும். ரத்தம் உண்டா, துப்பாக்கி உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா, முன்பின் தெரியாதவர்கள் பேச வழி உண்டா. சொல்கிற பதிலைப் பொறுத்து வயது விழும். ஆபீசில் அவளை 'வயசு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் அதே புத்தி. என் தம்பி வந்து ஏதாவது கெட்ட வார்த்தை பேசினால் மகளின் காதைப் பொத்தி, "இது பன்னெண்டுக்கு மேல" என்பாள். ஒருமுறை என் குறட்டைக்குப் பதினெட்டு போட்டாள்.

இந்த வருடம் அவர்கள் செய்தது ஒரு மின்மினிப் பூச்சியின் கதை. பெரிய வீட்டில் குட்டி மின்மினி தன் அம்மாவைத் தவறவிட்டுவிடுகிறது. இருட்டு அறைக்குள் போய், பொருள்களை நகர்த்தி, விளக்கை ஏற்ற வேண்டும். ஏற்றினதும் அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். உடனே அடுத்த அறைக்கு ஓட வேண்டும். மின்மினிக்கு உருண்டை முகம், முகம் முழுக்கக் கண். பார்த்தாலே கன்னத்தைக் கிள்ளத் தோன்றும்.

அதனால் முதலாளிக்கு ஒரே பிடிவாதம். கேம் மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று இருக்க வேண்டும். பள்ளி விடுமுறைக்கு அந்தத் தளத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பக்கம் திறக்கிறார்கள், அதில் முதல் வரிசையில் இடம் கிடைத்தால் ஆபீஸ் பிழைத்தது, கிடைக்காவிட்டால் செருப்புக்கடைக்காரர் ஹாலைக் கிடங்காக்கிக்கொள்வார் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டான். 'சொல்லிவிட்டான்' என்கிறேன், ஏனென்றால் அவன் இவளைவிடச் சின்னவன். ஆபீசில் சார், எங்கள் வீட்டில் அந்தப் பொடியன்.

ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, பேய் இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று பதில் போட்டாள். மூன்று என்று வயது விழுந்தது. யாருக்காகச் செய்த கேம் என்று கேட்ட இடத்தில் ஐந்து வயது வரை, ஆறிலிருந்து எட்டு வரை என்ற இரண்டையும் தேர்ந்தெடுத்தாள். குழந்தைகள் பக்கத்திலும் இடம் கிடைத்தது. அன்றைக்கு அவள் ஒரு வாய் சோற்றை உட்கார்ந்தே சாப்பிட்டாள்.

இங்கேதான் ஒரு கூத்து. அந்த ஆபீசில் யாருமே கேமைச் சத்தத்தோடு விளையாடினதில்லை. ஒரே ஹாலில் நாலைந்து பேர் ஒரே இசையை நாள் முழுக்க ஓடவிட்டால் என்ன ஆகும்? கணக்கு பார்க்கிற அம்மா, ஒன்று இந்தச் சத்தம் இருக்கணும், இல்லை நான் இருக்கணும் என்று பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாராம். அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டார்கள், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வேலை. சத்தம் சேர்க்கிறவர் எங்கேயோ தன் வீட்டில் உட்கார்ந்து சேர்த்து அனுப்புவார். இங்கே இவர்கள் திரையில் வருகிற எழுத்தைப் படித்துக்கொண்டு விளையாடுவார்கள். அம்மா மின்மினி பேசுவதும் எழுத்தாகத்தான் வரும்: 'இதோ வந்துட்டேன் கண்ணு.'

சனிக்கிழமை காலை. எனக்கு விடுமுறை, மண்டையிடி வேறு. அவளுக்கும் விடுமுறைதான், ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கேம் வெளியாகப்போகிறதாம், ஒரே ஒரு தடவை கடைசியாகப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறாளாம். மகள் வாசலில் நின்று முறைத்தாள். ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்த வாய். அந்த வாயோடு முறைத்தால் சிரிப்புதான் வரும்.

"நான் செஞ்ச கேம் வேணுமா? உன் வயசுக்குத்தான். அப்பாவுக்குத் தலைவலி, இத மாட்டிக்க" என்று பழைய போனையும் என் ஹெட்போனையும் அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குளியலறைக் கதவு. அப்புறம் பால்கனிக் கதவு. அப்புறம் பீரோ. எழுந்து போய்ப் பார்த்தால், ஹெட்போன் ஒயர் தரையில் இழுபட, என் மகள் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னடா தேடற?"

"அம்மா இங்கதான்பா எங்கயோ இருக்காங்க. கூப்பிடறாங்க. போனா அங்க இல்ல."

சொல்லி முடிக்கும்போதே உதடு பிதுங்கிவிட்டது. ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தேன். போனில் அந்த அறை விளக்கை ஏற்றினேன். அடுத்த அறையிலிருந்து என் மனைவி, அசல் என் மனைவி, அவசரமாக, வேறெதையோ செய்துகொண்டே சொல்வதுபோலச் சொன்னாள்: "இதோ வந்துட்டேன் கண்ணு."

என் தலைவலி எங்கே போனதென்று தெரியவில்லை. கேமில் அடுத்த அறைக்குப் போனேன். அதே குரல், கொஞ்சம் தூரத்தில். அதற்கடுத்த அறையில் இன்னும் தூரத்தில். விளையாடுகிறவர்களை ஓட வைக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாதக்கணக்குக்கு முன்னால் ஒரு நாள், "இன்னைக்கு நான் நடிகை ஆயிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். சத்தம் சேர்க்கிறவர் ஆபீசுக்கு வந்திருந்தாராம். நேர அளவு பார்ப்பதற்கு மட்டும் யாராவது அம்மா வசனத்தைப் பேசுங்கள் என்றாராம். இவள் தோளில் பையோடு, நின்ற இடத்தில் ஒரே மூச்சில் பேசிவிட்டு பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். பிறகு நல்ல குரல்கலைஞரை வைத்து மாற்றுவதாகப் பேச்சு. மாற்ற மறந்துவிட்டார்கள். சத்தமே கேட்காத ஆபீசில் அது யாருக்குத் தெரியும்?

ஆபீசுக்கு போன் போட்டு, மகள் பேசட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். மகள் 'அம்மா' என்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது:

"இதோ வந்துட்டேன் கண்ணு!"

அதே ராகம், அதே அவசரம். மகள் என்னைப் பார்த்தாள்.

"இதுவும் கேம்தான்பா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பொடியன்மேல், இவள்மேல், அந்த உருண்டை மூஞ்சிப் பூச்சிமேல். அவள் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. எப்போதும் வாசலுக்கு ஓடுகிற மகள் அன்றைக்கு ஓடவில்லை. கிட்டே வந்து அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா குளியலறைக்குள் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று, "இருக்கியா?" என்று கேட்டாள்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரியே முதலில் என்மேல் பாய்ந்தாள். "என் குரல்ங்கறதால பயந்துட்டா. வேற குழந்தைங்களுக்கு என்னைத் தெரியுமா என்ன? குரலை மாத்திட்டா முடிஞ்சுது." சொல்லிக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். அவளே நம்பவில்லை என்று தெரிந்தது.

அன்றைக்கே சத்தம் சேர்க்கிறவரை விரட்டி, அவர் அண்ணியின் குரலில் வசனத்தை மாற்றி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் வீட்டிலேயே அவளுடைய நாலு வயதுப் பெண்ணுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். முதல் அறையில் குழந்தை சிரித்தது. இரண்டாவது அறையில் வாயை மூடிக்கொண்டது. மூன்றாவதில் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், "என்னடி திடீர்னு பாசம்?" என்று சிரித்தாள்.

என் மனைவி சிரிக்கவில்லை. அன்று மாலை முழுக்க ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பின்னாலேயே சட்டை நுனியைப் பிடித்தபடி மகள். ரயில்வண்டி மாதிரி இரண்டு பேரும்.

"கேள்வியில் இது இல்லையா?" என்று கேட்டேன்.

"சின்னக் குழந்தைங்களைப் பயமுறுத்துற எதாவது இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு. பேய், பிசாசுன்னு நினைச்சு இல்லன்னு போட்டேன்."

"இப்ப மாத்து."

"மாத்தினா ஏழு ஆயிடும். அந்தப் பக்கத்துல இருந்து தூக்கிடுவாங்க. ஆபீசே போயிடுங்க. அத்தனை பேரு வேலை."

'மாத்து' என்று சொல்வது எனக்குச் சுலபம். என் கடையில் கண்ணாடி உடைந்தால் வேறு கண்ணாடி.

திங்கட்கிழமை காலை ஆபீசில் நடந்ததை அன்று சாயங்காலம் நடித்தே காட்டினாள். சட்டத்தை மீறி ஹாலில் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டிருக்கிறாள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பயப்படுவார்கள் என்று பார்த்தால், நல்ல குரல், யாருடையது என்று விசாரித்தார்களாம்.

"இதுல என்னக்கா பயம்? அம்மாதான கூப்பிடறாங்க" என்றானாம் முதலாளி.

"வர்றேன்னு சொல்லிட்டு வரலையே, சார்."

"கடைசி அறைல வந்துடுவாங்கல்ல?"

"அதுவரைக்கும் வரலைல்ல? உங்களுக்குக் கடைசி அறை இருக்குன்னு தெரியும். மூணு வயசுக்குத் தெரியுமா?"

கணக்கு பார்க்கிற அம்மா மட்டும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். மற்றவர்கள் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் வெளியாகிற அன்றைக்கு வந்து நிற்கிறீர்களே, நீங்கள்தானே 'இல்லை' என்று போட்டது என்று முதலாளி கத்தினான். அது நியாயமான கேள்வி. நின்றபடியே கணினியைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஒரு கேள்விக்கு 'உண்டு' என்று மாற்றினாள். ஐந்து வயது வரை என்ற தேர்வையும் எடுத்துவிட்டாள். அவன் தடுக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டானாம். பாவம், அவனும் யார் வீட்டுப் பிள்ளையோ.

வெளியீடு தள்ளிப்போனது, குழந்தைகள் பக்கத்தில் இருந்த இடமும் போனது. ஆபீஸ் இன்னும் போகவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கென்று கேமை மாற்றி, அடுத்த விடுமுறைக்காவது விற்றுப் பார்க்கலாம் என்று உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள். பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. முதலாளி இவளிடம் வேலை சம்பந்தமாக மட்டும்தான் பேசுகிறான், அக்கா போய் மேடம் வந்துவிட்டது. அது அவளை உறுத்துகிறது. இரண்டு ஆள் வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறாள்.

மகள் மட்டும் சட்டை நுனியை விடவில்லை. அவள் அம்மா ஆபீஸ் கிளம்பினால் நான் கையைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆனால் வீட்டிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். நான் பார்க்காதவன்போல இருப்பேன்.

நேற்று விளக்கேற்றுகிற நேரத்துக்கு, மகள் அம்மாவுக்கு போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எப்பம்மா வருவ?"

"இதோ வந்து..."

நின்றுவிட்டது. அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். என் மனைவியின் மூச்சு மட்டும் கேட்டது. போன் பேசும்போது முதல்முறையாக அவள் ஒரே இடத்தில் நிற்கிறாள் என்று அந்த மூச்சில்தான் எனக்குத் தெரிந்தது.

"இல்ல கண்ணு. அம்மாவுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கு. இப்ப வர முடியாது. நீ சாப்பிட்டுத் தூங்கு. நான் வந்து உன் பக்கத்துல படுத்துக்கறேன். காலைல எழுந்தா இருப்பேன்."

அழுவாள் என்று தயாராக இருந்தேன்.

"சரிம்மா" என்றாள். போனை என்னிடம் நீட்டினாள். எந்தக் கதவையும் திறந்து பார்க்கவில்லை. நேராகத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா வர லேட்டாகும்ப்பா. நீ கதவப் பூட்டிட்டு வா, சாப்பிடலாம்."