சொல்லிப்போட்டு நடக்கிறவள்

காங்கேசன்துறையில் தையல் கடை வைத்திருக்கும் உதயகலா, நீரிழிவு என்ற சீனி வருத்தத்துக்காக நடக்கத் தொடங்கியவள். முதலில் கீரிமலை வரை. பிறகு ஞாயிறுகளில் அதற்கும் அப்பால். கால்களுக்கு வழி பிடித்துப்போன பின்னர் வருத்தம் வெறும் சாட்டாகிவிட்டது. குடைச்சீலையில் தானே தைத்த முதுகுப்பைக்குள் தண்ணீர், உப்பும் சீனியும் கட்டிய பொட்டலம், பழைய வேட்டித்துண்டு, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஓர் உரப்பை. கண்ணிவெடிப் பலகைகள் நின்ற ஊர் என்பதால், அடி படாத நிலத்தில் கால் வைக்கக்கூடாது என்பதை அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒன்றுதான் வாய்க்கவில்லை. எந்த வழியால் போகிறாள், எப்போது திரும்புவாள் என்று தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும். கடலுக்குப் போகிற குடும்பத்தில் அதற்கு ஆள் ஏது? கடலுக்கு வெளிக்கிடும் ஆளிடம் 'எங்கை' என்று கேட்டால் பயணம் சரிவராது என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தனியே போனபோது பரவாயில்லை. இப்போது அயலிலிருந்து சுவர்ணாவும் மதுராவும் வருகிறோம் என்று நிற்கிறார்கள். பருத்தித்துறையிலிருந்து மணற்காடு வரை, முதல் முழுநாள் நடை. வீட்டில் ஒருவராவது காதுகொடுத்துக் கேட்காவிட்டால் அவர்களைக் கூட்டிப்போவதில்லை என்று உதயகலா தீர்மானித்திருந்தாள்.

நடைக்கு முதல்நாள் பின்னேரம் மெல்லத் தொடங்கினாள். "மாமி, நாளைக்கு நாங்கள்..."

மாமியார் குணலட்சுமி தேங்காய் துருவிக்கொண்டே, "சொல்லாதை பிள்ளை. சொன்னால் வழி மறிக்கும்" என்றாள்.

"சொல்லாமல் போனால் மட்டும்?" கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் ஜெயரூபன் தலை நிமிர்த்தினான். "போன வருசம் எஞ்சின் நிண்டு ரெண்டு நாள் மிதந்தனானே அம்மா. நான் கிழக்கை கிடக்க, நீங்கள் எல்லாரும் மேற்கை தேடினியள்."

துருவல் நின்றது. அந்த இரண்டு நாளும் இந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்கவில்லை.

"வெளிக்கிடேக்கைதானே கேக்கக்கூடாது?" குணலட்சுமி துருவலைத் தள்ளிவைத்தாள். "நீ இன்னும் செருப்புக்கூடப் போடேல்லை. தேத்தண்ணி குடிக்கேக்கை ரெண்டு பொம்பிளையள் கதைச்சால் ஆர் என்ன சொல்லுறது?"

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. எவ்விடத்தில் தண்ணீர்? எது நிழல்? வெயில் ஏறினால் எங்கே இருப்பீர்கள்? உதயகலா சொன்ன ஒவ்வோர் இடத்தையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "நாலு மணிக்குப் போன் வராட்டி நான் சும்மா இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்!"

மறுநாள் வல்லிபுரம் தாண்டி மணல்மேடுகளுக்குள் இறங்கியபோது சுவர்ணாவின் பேச்சுக் குறைந்தது. சவுக்கு மரங்கள் தொடங்கும் இடத்தில் தலை சுற்றி மணலில் குந்திவிட்டாள். வேர்த்துக் கொட்டியது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உதயகலா அவளை நிழலில் கிடத்தி, கால்களைப் பையின்மேல் உயர்த்தி, ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றி, உப்புச் சீனித் தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுத்தாள். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"அக்கா, உந்தப் பற்றைக்குள்ளாலை குறுக்கை விழுந்தால் ரோட்டு கிட்ட" என்றாள் மதுரா.

"கிட்டவாய் இருக்கட்டும். நாங்கள் சொல்லிப்போட்டு வந்த இடம் இது. இதை விட்டால்தான் துலைஞ்சு போவம்."

நிழல் நகர, அவர்களும் நிழலோடு நகர்ந்தார்கள். வந்த அடிகளைக் காற்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. நாலு மணி கடந்தது. மாமி சொன்னதைச் செய்வாளா என்ற கேள்வியை உதயகலா மற்றவர்களிடம் கேட்கவில்லை.

மேட்டுக்கு அப்பால் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றின் இரைச்சல். ஜெயரூபனோடு கடல்தொழிலுக்குப் போகும் மணற்காட்டு ஜஸ்ரின், இழுவைப் பெட்டியில் இளநீர்க் குலையோடு வந்து நின்றான்.

"அக்கா, உங்கடை மாமி போனிலை விட்ட பேச்சு! வல்லிபுரத்திலையிருந்து மேடு மேடாய் வா, சவுக்கு துவங்கிற இடம், கடலைப் பாத்த பக்கம் எண்டு. இஞ்சை பிறந்தவன் நான், எனக்கே வழி சொல்லுறா!"

சுவர்ணா படுத்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் உதயகலா தானும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

அந்த வாரமே இன்னொரு பின்னேரம். ஜெயரூபன் தேநீர்க் கோப்பையைச் சுழற்றியபடி, வலையோடு கதைப்பதுபோலச் சொன்னான்: "நாளைக்கு மயிலிட்டிக்கு நேரை வடக்கைதான் போவம். வெயில் ஏற முதல் கரையிலை."

அவனை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

"வெயில் ஏற முதல் எண்டால்?" என்றாள் குணலட்சுமி. "மணியைச் சொல்லு."