பிரேக் அக்காவின் வலது கால்

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தரையை அழுத்துகிறார். வெளியே சாலையில் ஏதாவது ஒரு வண்டி கிறீச்சிட்டால் போதும், போக்குவரத்து நீதிமன்ற வராந்தாவின் சிமெண்டுத் தரை அவருடைய வலது செருப்புக்கடியில் ஒருமுறை நசுங்கும். பக்கத்தில் இருப்பவர் தன் காலைத்தான் மிதிக்க வருகிறாரோ என்று பயந்து நகர்வார். "நீங்க உக்காருங்க. அது பாட்டுக்கு அமுக்கும்," என்பார் அக்கா, வீட்டு நாயைப் பற்றிச் சொல்வதைப்போல.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக்குகள் உண்டு. ஒன்று பழகுகிறவரின் காலடியில், மற்றொன்று பக்கத்து இருக்கையில் அமரும் இவர் காலடியில். அடுத்தவர் செய்யப்போகும் தப்புக்கு முன்னாலேயே காலை வைத்து வைத்து, இப்போது அந்தக் கால் தனிக்கட்சி தொடங்கிவிட்டது. அதனால்தான் பிரேக் அக்கா என்று பெயர். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.

வீட்டு சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பில் வலது பக்கம் மட்டும் நூல் பிரிந்து தரை தெரிகிறது. அம்மாவோடு சினிமாவுக்குப் போவதைக் கல்லூரியில் படிக்கும் மகள் நிறுத்திவிட்டாள். "கார் துரத்தற சீன் வந்தா முன்சீட்டுக்காரர் எழுந்து நின்னுடறார் அங்கிள், நான் எத்தனை பேர்கிட்டதான் சாரி சொல்றது?" என்று என்னிடம் முறையிட்டாள். கணவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். ஒரு கடைவாய்ப் பல்லை ஒரு பகல் முழுக்கத் தேய்க்கும் மனிதர். "அவரு பொறுமையா பல்லு செய்வாரு. நான் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் குடும்பம் நடத்தறேன்," என்பார் அக்கா. கணவர் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே தேய்ப்பார். இந்த வீட்டில் யாருக்கு யார் பிரேக் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்காவை நான் சந்தித்தது என் சொந்தக் குற்றத்தால். திரும்பக் கூடாத இடத்தில் திரும்பினேன் என்று ஒரு காவலர் எனக்கு அபராதச் சீட்டுக் கொடுத்தார். அங்கே பலகை இருந்தது என்கிறார் அவர். பலகைக்கு முன்னால் லாரி நின்றது என்கிறேன் நான். வழக்கு இன்னும் நடக்கிறது, ஆகவே அதற்கு மேல் பேசுவதற்கில்லை. என் கோப்பு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுக்க அலைந்தேன். ஆவண அறையில் "மாடிக்குப் போங்க" என்றார்கள். மாடியில் "அடுத்த கட்டடம்" என்றார்கள். அடுத்த கட்டடத்தில் சாப்பிடப் போயிருந்தார்கள்.

திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற என் கையிலிருந்து கேட்காமலே சீட்டைப் பிடுங்கினார் ஒரு பெண்மணி. ஒரு தோளில் பை, காதில் செருகிய பேனா.

"வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?"

"என்னது?"

"மூஞ்சி சார், மூஞ்சி. உங்க மூஞ்சியைக் கேக்கலை, வண்டியோட மூஞ்சி. பாலத்தைப் பார்த்தா, பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

நான் மாட்டிய அந்தப் பெரிய சாலைதான் இரண்டு நீதிமன்றங்களுக்கு எல்லை. பாலத்தை நோக்கிப் போகிற பக்கம் ஒன்றுக்கு, வருகிற பக்கம் மற்றொன்றுக்கு. சீட்டில் சாலையின் பெயர் மட்டும்தான் இருக்கும். இதை அறியாத ஜனங்கள் தப்பான வாசலில் நின்று, தங்கள் பெயரைக் கூப்பிடவில்லை என்று வீடு திரும்பி, ஆஜராகாத குற்றத்துக்கும் சேர்த்து ஒரு நாள் அழைப்பாணை வாங்குவார்கள். நான் முதுகைக் காட்டியவன் என்று தெரிந்ததும் அக்கா என்னைக் கட்டடத்தின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வழியில் ஆரம்பித்த வாக்கியத்தைப் படிக்கட்டில் விட்டுவிட்டு, இன்னொருவருடைய வழக்குக்குப் பதில் சொல்லி, சன்னலருகே வந்து முடித்தார். என் கோப்பு கிடைத்தது. நான் நன்றி சொல்லத் திரும்பியபோது அவர் அங்கே இல்லை.

எப்போதும் அப்படித்தான். வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவர் மாதிரி நிற்பார். அவரிடம் வண்டி பழகியவர்களுக்குச் சீட்டு வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் வகுப்பு, நடுவில் நீதிமன்றம், சாயங்காலம் மறுபடி வகுப்பு. எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: "சீட்டு வந்த உடனே ஓடிப் போய்ப் பணத்தைக் கட்டாதீங்க. கட்டினா தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தம். லைசென்ஸ்ல கரும்புள்ளி விழுந்துடும். முதல்ல ரெக்கார்டைப் பாருங்க. கேமரா படம் இருக்கா பாருங்க. அப்புறமா வாயைத் திறங்க."

அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. என் வழக்கு மூன்றாம் முறையாக ஒத்திப்போடப்பட்ட அன்று, வராந்தாவில் அந்தக் காலைப் பார்த்தேன். வண்டி ஏதும் கிறீச்சிடவில்லை. அது பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, ரோட்டுல யாருமே இல்லையே?"

"சும்மா இருங்க சார்," என்றார். எழுந்து கதவு வரை போனார். வந்தார். மறுபடி போனார். கடைசியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னது இது.

அவரிடம் ஒரு நர்ஸ் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். பல வருடமாக ஆஸ்பத்திரி வார்டில் இரவு வேலை. இப்போது நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் பகல் வேலை வாய்த்திருக்கிறது. ஆனால் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், மாதக் கடைசிக்குள். நாற்பதைத் தாண்டிய வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்து, அழுது, திட்டு வாங்கி, நன்றாகவே ஓட்டத் தொடங்கிவிட்டார். தேர்வுக்கு முந்தைய வாரம், பெரிய சந்திப்பில் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. வண்டி நிறுத்தக் கோட்டை ஒட்டி வந்துவிட்டது. இனி நிற்கக் கூடாது, போய்விட வேண்டும். அக்கா சொல்லிக்கொடுத்ததும் அதுதான், நர்ஸ் செய்ததும் அதுதான். ஆனால் மஞ்சளைக் கண்டதும் அக்காவின் கால் இறங்கிவிட்டது.

வண்டி கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நடுவில் நின்று, அணைந்தும் போனது. விளக்கு சிவப்பானது. கேமரா மின்னியது. நாலு பக்கமும் ஹாரன். காவலர் வந்து ஓட்டியவரின் பெயரில், அதாவது நர்ஸின் பெயரில், சீட்டு எழுதினார்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க சார்." அக்காவின் குரல் இறங்கியது. "'பதட்டத்துல நானே பிரேக்கை மிதிச்சிட்டேன் போலிருக்கு அக்கா, உங்களுக்கும் கெட்ட பேரு'ன்னு. ரெண்டு பெடலும் சேர்ந்துதானே இறங்கும்? அவங்களுக்குத் தெரியலை. நானும் அப்ப சொல்லலை. அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் சொல்ல முடியலை."

நர்ஸ் குற்றவாளி என்று முடிவானால் பழகுநர் உரிமம் ரத்து. ஒரு வருடத்துக்குத் தேர்வுக்குப் போக முடியாது. பகல் வேலை போயிற்று. அக்காதான் அழுத்தினார் என்று முடிவானால் கற்றுக்கொடுக்கும் உரிமம் போகும். பாடத்தின்போது நடக்கும் குற்றத்துக்குப் பயிற்சியாளர்மீது சட்டம் கடுமையானது. வீட்டின் பாதி வருமானம் அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்துதான் வருகிறது.

கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். படம் இருந்தது. வண்டியின் பின்னால் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. "அதுல கால் தெரியலை சார்," என்றார். அதில் ஆறுதல் அடைவதா அவமானப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

இன்னொரு ஓட்டையும் கண்டுபிடித்திருந்தார். சீட்டு தப்பான நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. வண்டி பாலத்தைப் பார்த்து நின்றது. கோப்போ எதிர்ப்பக்க நீதிமன்றத்தில். அதைச் சொன்னால் வழக்கு இங்கே தள்ளுபடியாகும். ஆனால் அங்கே புதிதாகத் தொடங்கும், அதற்குள் மாதக் கடைசி வந்து போய்விடும். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை தேர்வும் இல்லை. வேறு யாருக்காக இருந்தாலும் இந்த ஓட்டையைக் கண்டு குதித்திருப்பார். அன்று கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

அதற்குள் நர்ஸ் வந்தார். ஒல்லியான பெண்மணி, இரவு வேலை முடித்து நேரே வந்த கண்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கக்கா, ஒத்துக்கிட்டுப் போயிடறேன். வார்டுலயே இருந்துட்டுப் போறேன். என் ராசி அவ்வளவுதான்," என்றார். அக்கா மறுபடி எதிர்ச் சுவரைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. வாயைத் திறந்தால் என்னவாம் என்று பட்டது. அது என் வீட்டு வருமானம் இல்லை என்பதால் அப்படிப் பட்டிருக்கலாம்.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். நர்ஸ் போய் நின்றார். நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை.

"சிவப்பு விளக்கில கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தியிருக்கீங்க. குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்றார் நீதிபதி.

நர்ஸ் தொண்டையைச் செருமினார். அந்த ஒரு நொடியில் எனக்குப் பக்கத்தில் தரை நசுங்கும் சத்தம் கேட்டது.

"ஐயா, அது அவங்க கால் இல்லை. என் கால்."

எல்லோரும் திரும்பினார்கள். நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"சொல்லிக்கொடுக்கறவ ஐயா. பக்கத்து சீட்டுல இருந்தேன். அவங்க சரியாத்தான் ஓட்டினாங்க. நான்தான் அமுக்கினேன்."

"எதுக்கு?"

"மஞ்சளைப் பார்த்தா இந்தக் கால் என்னைக் கேக்கறதில்லை ஐயா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "இப்படிச் சொன்னா உங்க உரிமம் என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. ஊருக்கெல்லாம் நான்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

தப்பான நீதிமன்றம் என்ற சங்கதியை அவர் வாயிலிருந்து விடவே இல்லை. நீதிபதி பயிற்சி வண்டியின் அமைப்பைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், படத்தைப் பார்த்தார், எழுதினார். நர்ஸ்மீது இருந்த வழக்கு தள்ளுபடி. அக்காவின் பயிற்சி உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தம்.

வெளியே வந்ததும் நர்ஸ் காலில் விழாத குறையாக நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வராந்தாவின் நடுவில் நின்று வெடித்தார். "ஒரு வாரமா எனக்கு மூளையே சரியில்லையோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன் அக்கா! ஊசி போடும்போது கை நடுங்குது. தப்பான மருந்தைக் கொடுத்துடுவேனோன்னு ஒவ்வொரு பாட்டிலையும் நாலு தடவை பார்க்கறேன். முதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். அக்கா தலையை ஆட்டினார். "சொல்லியிருக்கலாம்," என்றார். அதற்குள் நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

வகுப்பு இல்லாத அக்கா முன்னைவிட மோசம். காலையிலேயே நீதிமன்றத்துக்கு வந்துவிடுகிறார். முன்பின் தெரியாதவர்களின் சீட்டையெல்லாம் பிடுங்கி, வண்டியின் மூஞ்சியை விசாரிக்கிறார். கணவர் கூடுதலாகப் பல் வேலை எடுத்திருக்கிறார். வீட்டில் இருக்கச் சொன்னால், "விரிப்புல மிச்சம் இருக்கறதும் போயிடும் சார்," என்கிறார். நர்ஸ் வேறொரு பயிற்சியாளரின் வண்டியில் தேர்வுக்குப் போய்த் தேறிவிட்டார் என்று யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அன்று கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அப்படி நான் பார்த்ததே இல்லை.

போன வாரம் என் வழக்கு வழக்கம்போல ஒத்திப்போடப்பட்டது. நானும் அக்காவும் வாசலுக்கு வந்தபோது, ஆஸ்பத்திரிப் பெயர் எழுதிய ஒரு சின்ன வெள்ளைக் கார் ஓரமாக வந்து நின்றது. நர்ஸ் கண்ணாடியை இறக்கினார். சிரிக்கவில்லை.

"ஏறுங்க அக்கா, வீட்ல விடறேன். சாரும் ஏறுங்க."

அக்கா முன்னால் ஏறினார், நான் பின்னால். இருக்கைப் பட்டையை மாட்டியதும் அக்கா குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அங்கே வெறும் ரப்பர் விரிப்புதான் இருந்தது.

"அங்க ஒண்ணும் இருக்காது," என்றார் நர்ஸ்.

"தெரியும், தெரியும். கண்ணாடியைப் பார்த்து எடு."

கார் பெரிய சாலைக்கு வந்தது. ஒரு பஸ் குறுக்கே புகுந்தது, அக்காவின் முழங்கால் விறைத்தது. நர்ஸ் நிதானமாக விட்டுக்கொடுத்தார். தூரத்தில் அதே சந்திப்பு தெரிந்தது. பச்சை எரிந்துகொண்டிருந்தது, நாங்கள் நெருங்க நெருங்க எரிந்துகொண்டே இருந்தது. எனக்கே கால் விரல்கள் மடங்கின.

அக்கா செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி, சம்மணம் போட்டு, வலது பாதத்தை இடது தொடைக்கடியில் செருகி, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.