எந்தப் பக்கம் சுத்தும்?

"இவ்வளவு நாள் ஓடினியே, போதும்மா. நீ என்ன பண்ணுவ, கிரீஸைக் கண்ணுல காட்டாத வீட்டுல வாக்கப்பட்டுட்ட" என்று, கழற்றிய பேரிங்கை உள்ளங்கையில் வைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார் ஃபிட்டர். சொன்னது பேரிங்குக்கு, காதில் விழவேண்டியது சலவைக்கூடத்தின் முதலாளியான என் அக்காவுக்கு.

பதிலடி கொடுக்க அக்காவுக்கு இது நேரமில்லை. நிலைமை அப்படி. ஆஸ்பத்திரி விரிப்புகள் மாலைக்குள் காய்ந்து திரும்பிப் போகாவிட்டால், இனி அவை எதிர்க்கடைக்குப் போகும். ஈரத்துணி மலையாகக் கிடக்க, உலர்த்தும் இயந்திரம் முதுகைத் திறந்துபோட்டு நின்றது.

ஃபிட்டருக்கும் அடக்கத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "இந்தக் கை பட்டா செத்த மெஷினும் எழுந்து உக்காரும்" என்பார், ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடியே. இதுவரை ஒன்றைக்கூட விழுங்கியதில்லையாம்.

புதுப் பேரிங்கை ஏற்றி, அதைத் துணி சுழலும் டிரம்மின் தண்டோடு பிடித்துவைக்கும் பூட்டுவளையத்தைப் பொருத்தினார். தண்டு சுற்றும் திசையிலேயே வளையத்தைத் திருகித் தட்டவேண்டும். மாற்றித் திருகினால் ஓட ஓடக் கழன்றுவிடும்.

"எந்தப் பக்கம் சுத்தும்?"

"வலப்பக்கம்" என்றாள் துணி போடும் வாசலில் நின்ற அக்கா.

"இடப்பக்கம்" என்றார் இயந்திரத்தின் பின்னால், ஃபிட்டருக்குப் பக்கத்தில் விளக்குப் பிடித்திருந்த அத்தான்.

அந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்பது ஊருக்கே தெரியும். ஃபிட்டர் வலப்பக்கம் திருகினார். கொஞ்ச நேரம் சமர்த்தாக ஓடிய டிரம், திடீரென்று கடகடவென்று தலையை ஆட்டியது. வளையம் கழன்றிருந்தது.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொன்னது சரியா இருந்தது இன்னைக்குத்தான்!" அத்தானுக்கு வேலை நின்ற கவலையே இல்லை.

"அவங்க சொன்னதும் சரிதான் சார். முதலாளியம்மா முன்னாலேருந்து பாக்குறாங்க, நீங்க பின்னாலேருந்து பாக்குறீங்க. சுவிட்சை ஒரு தட்டு தட்டி நானே பாத்திருக்கணும். என்னைத்தான் சொல்லணும்."

தட்டினார், பார்த்தார், அணைத்தார். இயந்திரத்தின் முதுகில் சாக்பீஸால் ஓர் அம்பு. தண்டில் கீறல் உண்டா என்று நகத்தால் தடவினார், இல்லை. வளையம் இடப்பக்கம் திரும்பியது. இரண்டு தட்டு. பல்லிலிருந்த ஸ்க்ரூ அதன் இடத்துக்குப் போனது.

முதல் விரிப்பு சூடாக வெளியே வந்தது. அடுத்தது. மாலை வண்டி வந்தபோது அடுக்கு தயாராக இருந்தது.

கறை என்றால் கத்தியெடுக்கும் அக்கா, வெளுத்து மடித்த வெள்ளைத்துண்டு ஒன்றை ஃபிட்டரிடம் நீட்டினாள். "கையைத் துடைச்சுக்குங்க."

ஃபிட்டர் அதை வாங்கி, ஓரமாகக் கிடந்த பழைய பேரிங்கை எடுத்து, இண்டு இடுக்கு விடாமல் துடைக்க ஆரம்பித்தார். துண்டு கறுத்தது.

அக்கா இன்னொரு துண்டை எடுத்து நீட்டினாள்.