ஆறிப்போன எடைக்கல்

என் அம்மான், அதாவது என்னைப் பெற்ற ஆத்தாவை ‘ஆச்சி’ என்று அழைக்கும் தம்பி, இண்டர்மீடியட்டில் ஒருமுறை தோற்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மறுமுறையும் தோற்றால் ரங்கூன் கடைக்குக் கப்பலேற்றிவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கப்பல் என்ற பேச்சை எடுத்தாலே அம்மானுக்குச் சோறு இறங்காது. எனக்கும்தான். ஒன்பது வயதில் என்னோடு தாயம் ஆடித் தோற்றுக்கொடுக்க அவரை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

அவரைக் கவிழ்த்தது ஓர் இரும்புத் துண்டு. அதைக் கொதிநீரில் போட்டுச் சூடாக்கி, பிறகு பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்து, இரும்பு எவ்வளவு வெப்பம் கொள்ளும் என்று கணக்குப் போட வேண்டும். பரீட்சையில் இதைச் செய்யும்போது கை தவறிக் கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டாராம். வீட்டிலேயே பழகிவிடலாம் என்று மதுரையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரும்புக்கு எங்கள் வீட்டு அரை வீசை எடைக்கல் அகப்பட்டது.

எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அடுப்படி பின்கோடியில். அக்கா வீட்டுக்கு வந்த ஆண்பிள்ளை அடுப்படியில் போய் உட்காருவதாவது! அம்மான் முன்வாசல் முகப்பில் பித்தளைச் சட்டியில் தண்ணீரோடு காத்திருப்பார். அடுப்பில் கொதிக்கும் கல்லைச் சணலில் கட்டித் தூக்கி, வீட்டின் ஒவ்வொரு கட்டாகத் தாண்டி நான் கொண்டுபோக வேண்டும்.

“மெதுவா வா. கால்ல போட்டுக்கிறாத” என்பார். நான் சாமி புறப்பாடு மாதிரி நடந்தேன். வழியில் யாராவது என்னவென்று கேட்டால் நின்று, “காலேசுப் படிப்பு” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

முதல் நாள் வந்த விடை புத்தகத்தில் இருந்ததில் பாதி. மறுநாள் அதற்கும் கீழே. ஊருணித் தண்ணீர் சரியில்லை என்றார் அம்மான். எடைக்கல் கலப்பட இரும்பு என்றார். புத்தகத்திலேயே அச்சுப்பிழை என்றும் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் கணக்குப் போட்ட பலகையைக் கவிழ்த்துவிட்டு, “எனக்கு ரங்கூன்தான்” என்று முகத்தை மூடிக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன். அந்தச் சத்தத்தில் ஆத்தா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவள். நின்றபடி முழுவதையும் கேட்டாள். சட்டியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

“ஏந்தம்பி, சட்டியிலருந்து எடுத்த சூட்டோட பணியாரம் கொண்டாந்தாலும், அவுக எலைக்கு வாரதுக்குள்ள ஆறிப்போச்சுன்டு நெதம் ஏச்சு வாங்குறேன். ஒன் இரும்பு மட்டும் அப்படியே கொதிச்சுக்கிட்டா வரும்?”

அம்மான் நெற்றியில் அடித்துக்கொண்டார்; கல் கொதிநீர்ச் சூட்டோடு வந்து சேருவதாக வைத்தல்லவா கணக்குப் போட்டிருந்தார்! அடுத்த நிமிடம் ஒரு கையில் சட்டி, மறு கையில் தெர்மாமீட்டர், அக்குளில் பலகை என்று அடுப்படிக்கு ஓடினார். சமையல்காரி முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு நகர்ந்தாள். கொதிநீரிலிருந்து கல்லை எடுத்த கையோடு சட்டிக்குள் இறக்கினார். தெர்மாமீட்டரில் பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. கணக்குப் போட்டார். புத்தகத்து விடைக்கு மயிரிழை குறைச்சல், அவ்வளவுதான். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த வருஷம் அவர் தேறினார். கப்பல் அவரில்லாமல் போயிற்று. அம்மானின் மூளையைப் பற்றி நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

விடை சரியாக வந்த அன்று அடுப்படியில் ஆத்தா சட்டியின் மேல் குனிந்து, “இந்தக் கணக்கு எப்படிப் போடுறதுன்டு எனக்கும் சொல்லேன் தம்பி” என்றாள்.

“ஒனக்கெதுக்கு ஆச்சி? பணியாரம் ஆறுறத அளக்கவா?” என்று அம்மான் சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆத்தாவும் சிரித்தாள். ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை அந்தப் பாதரசத்தைவிட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.