மாற்றிக்கொண்ட ஷிப்ட்

என் மகள் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். கணக்கு டீச்சர் அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "உனக்கெல்லாம் எதுக்கு ஸ்கூலு, உங்கம்மாகூட கம்பெனி பஸ்ல ஏறிப் போ" என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஒரகடத்தில் வண்டிகளுக்கு வயர் சொருகும் லைனில் வேலை செய்கிறவள். அங்கே ஒரு பீஸ் கோணலாக வந்தால் உடனே கயிற்றை இழுத்து லைனையே நிறுத்த வேண்டும்; பேசாமல் தள்ளிவிட்டால்தான் திட்டு விழும். அந்தப் பழக்கம் எனக்கு. அவள் அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். மறுநாளே கம்பெனி யூனிஃபார்மோடு போய் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "கம்பெனி பஸ்னா கேவலமா? எங்க வூட்ல அடுப்பு எரியறதே அதுலதான்" என்று கத்தினேன். ஹெட்மாஸ்டர் ஓடிவந்து நாற்காலி போட்டார். டீச்சர் மன்னிப்புக் கேட்டார். இப்படி ஒரு அம்மா கிடைக்க என் மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எங்கள் ஊர் மண்ணூருக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அந்த டீச்சர் அவளைத் திட்டவே இல்லை. கேள்வியும் கேட்கவில்லை. அவள் நோட்டில் மட்டும் படிக்காமலே டிக் போட்டுத் தள்ளினார். பக்கத்துப் பிள்ளைகள், "அவங்கம்மா வந்துரும்டி" என்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் வேறொரு பெண்ணின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் மகள் வாயே திறக்கவில்லை. "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லமா." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கும் நான் போனது தப்பு என்று சொல்ல மாட்டேன். பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் அதோடு என் பிள்ளை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வலி இன்னும் போகவில்லை.

பதினொன்றாவதுக்கு வேறு பள்ளிக்கூடம். பெற்றோர் கூட்டம் இருப்பதை அவள் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த என்னைத் தெருக்காரம்மா ஒருத்தி எழுப்பிச் சொல்ல, முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால், டீச்சருக்கு எதிரில் என் மகள். அவள் பக்கத்தில், எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண். திருநெல்வேலிப் பக்கம் ஊர். என் கம்பெனி, என் லைன்தான், ஷிப்ட் மட்டும் வேறு. "நான் இவளுக்குச் சித்தி, டீச்சர்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்னவோ கேட்டார். என் மகள் பொலபொலவென்று அழுதாள். சித்தி முதுகைத் தடவிக்கொடுக்க, அழுதுகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு பேச்சு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

உள்ளே போய், யார் என் பிள்ளையை அழவைத்தது என்று கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் போனால் அந்தப் பேச்சு நின்றுவிடும். திரும்பி நடந்தேன். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

ராத்திரி சோறு போடும்போது, "இன்னா, கண்ணு செவந்துகினு கீது?" என்றேன்.

"தூசுமா. லாரிங்க போவுதுல்ல" என்றாள். சரி என்று குழம்பை ஊற்றினேன்.

போன வாரம் மாடிப் பெண் தயங்கித் தயங்கிக் கீழே வந்தாள். "யக்கா, சனிக்கிழமை காலை ஷிப்டு எனக்குப் பதிலா நீங்க பாத்துக்கிடுதீங்களா? ஒங்க ஷிப்டை நான் பாத்துக்கிடுதேன். ஊர்லேர்ந்து ஆளு வாராங்க."

சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை பள்ளிக்கூடத்துக்கு நானே போன் போட்டு விசாரித்து வைத்திருந்தேன். உள்ளே என் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்கு இன்னா, மாத்திக்கலாம். சூப்பர்வைசராண்ட நானே சொல்லிடறேன்" என்றேன். பீரோவிலிருந்து என் பச்சைப் புடவையை எடுத்து மாடிப் பெண் கையில் வைத்தேன். "ஆளுங்க வராங்கன்ற. சுடிதார்ல சின்னப் பொண்ணாட்டம் கீற. இத்தக் கட்டிக்கோ."

சனிக்கிழமை காலை அவள் நிற்கும் இடத்தில் நின்று நான் வயர் சொருகினேன். என் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் என் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இந்த முறையும் என் மகள் அழுதாளா என்று யாரிடமும் என்னால் கேட்க முடியாது.