ஊசி, ஐந்து

தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஐந்து ஊசிகள் என் கணுக்கால்களுக்கு மேலும் மணிக்கட்டிலுமாக நின்றுகொண்டிருந்தன. சிசேரியன் ஆன மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். நேரம் இத்தனை திட்டமாகத் தெரிவதற்குக் காரணம் என் குறிப்பேடு. மழை பெய்த நாள், பால்காரர் வராத நாள் எல்லாம் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு. பிரசவத்துக்கு மதுரை வந்தபோதும் அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

ஊசிகளைச் செருகியவர் அக்குபங்சர் டாக்டரம்மா. "வயித்துப் பக்கமே வர மாட்டேன், பயப்படாதீக. வலி பத்துக்கு எம்புட்டு?" என்றார். ஏழு என்றேன். ஊசிகளை எடுத்தபின் மறுபடி கேட்டார். ஐந்து. மகள் பிறந்ததும் மூச்சுத் திணறலுக்காக, அதே மாடியின் கோடியில் இருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாலை நான்கு மணிக்கு மட்டும் தாய்மாரை உள்ளே விடுவார்கள். முதல் நாள் என்னால் எழ முடியவில்லை. அன்றாவது அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

குறிப்பேட்டில் 'ஊசி, ஐந்து' என்று எழுதிவிட்டுக் கண் அயர்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு வலி ஊசியோடு நர்ஸ் வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் என் அம்மா.

"ஊசியெல்லாம் போட்டாச்சு தாயி."

"யாரு போட்டா?"

"டாக்டரம்மாதான். இந்தா, எழுதியே வச்சிருக்கா, அஞ்சு."

அஞ்சு என்றதும் நர்ஸ் மிரண்டுபோய், டாக்டரைக் கேட்காமல் இனி ஒரு சொட்டு மருந்துகூடக் கிடையாது என்று திரும்பிவிட்டார். பிரசவ டாக்டரோ ஆபரேஷனில். இரண்டரை மணிக்கு வலிதான் என்னை எழுப்பியது. சக்கர நாற்காலிக்குக்கூட நகர முடியவில்லை. நான்கு மணி கைவிட்டுப் போகிறதே என்று அழுதேன்.

விஷயம் கேள்விப்பட்டு டாக்டரம்மா ஓடி வந்தார். "ஏம்மா, என் ஊசில மருந்தே கிடையாதே! அது மருந்துக்குத் துணைக்கு வந்தது. மருந்த நிப்பாட்டவா சொன்னேன்?"

அம்மா விடவில்லை. "மருந்தே இல்லாத ஊசிய எதுக்கு அஞ்சு குத்துனீக?"

வார்டே சிரித்தது. "சிரிக்க வைக்காதம்மா, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

குழப்பம் தீர்ந்ததும் நர்ஸ் மருந்தைப் போட்டார். டாக்டரம்மா தன் ஐந்தையும் மறுபடி செருகினார். அதன்பின் அந்த வைத்தியம் பற்றி நிறையப் படித்துவிட்டேன். ஆனாலும் அன்று எந்த ஊசியால் எவ்வளவு வலி குறைந்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இன்று மகளுக்கு ஊசி என்றால் ஒரே அர்த்தம்தான், ஓடி ஒளிவது. எனக்கு அது இரண்டு. இரண்டும் சேர்ந்துதான் அன்று என்னைக் காலூன்ற வைத்தன.

டாக்டரம்மாவின் தோளைப் பிடித்தபடி அந்த நீள நடைவழியைக் கடந்தேன். உள்ளே இருந்த நர்ஸ் எடையைச் சொல்லி மகளைக் கையில் கொடுத்தார். மூச்சு சீராகியிருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப எம்புட்டு?" என்றார் டாக்டரம்மா, என் காதருகே.

"ரெண்டே முக்கால் கிலோ" என்றேன்.